தூரத்து வைத்தியரும் ஊர் வைத்தியரும்

கனடா தேசத்தில் உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பத்தை இன்று யாழ்ப்பாணத்திலே தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கு சென்றோருட் பெரும்பாலோர் வாழ்வது ஒன்ராறியோ மாகாணத்தில்; அதிலும் ரொறொன்ரோ நகரிலும் அதனை அடுத்த ஊர்களிலும். ஆதலின் ஒன்ராறியோ என்றதும் நம்மவர் மனக்கண் முன் தோன்றுவது ஸ்காபரோவின் கடைத்தெருக்களே. ஆனால் அம்மாகாணம் பரப்பிலே இலங்கையைப் போல 16 மடங்கு பெரியது. வடக்கே போகப் போகக் காடும் ஏரியும், நெடுந்தூரத்துக்கு ஒரு சிற்றூருமாக அது விரிந்து செல்கின்றது. சுப்பீரியர் ஏரிக்கரையிலுள்ள தண்டர் பே நகரிலிருந்து ரொறொன்ரோவுக்குத் தரைவழி ஏறத்தாழ 1,400 கிலோமீற்றர். நம் நாட்டின் நீளத்தை மூன்று முறை அடுக்கி வைத்தாலும் அத்தூரத்துக்கு எட்டாது.

இத்தூரத்தை இங்கே அளந்து காட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வகையான நோயாளர் தமக்கு வேண்டிய வைத்திய ஆலோசனையைப் பெற இந்த 1,400 கிலோமீற்றரையும் கடந்து ஒரே ஒரு நிலையத்தின் வாயிலில் வந்து நிற்கவேண்டியிருந்தது. நோயாளர் என்று சொன்னது வழக்குப் பற்றியே. அவர்கள் நோயுற்றவர் அல்லர். பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டுத் தம்மைப் பெண்ணாகவும், பெண் என்று பதியப்பட்டுத் தம்மை ஆணாகவும் உணர்ந்து வாழ்பவர்கள். திருநங்கை, திருநம்பி என்றும், பொதுவாகத் திருநர் என்றும் இக்காலத் தமிழ் அவர்களைக் குறிக்கின்றது. தெருவிலே வழங்கும் வேறு சொற்களை இப்பக்கத்தில் எழுத நாம் விரும்பவில்லை. இது ஏதோ மேலைத்தேயத்திலிருந்து நேற்று வந்திறங்கிய விடயம் என்று நினைக்கும் மாணவர்கள் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதற் பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பது நன்று. ஆண்மை திரிந்தாரைக் குறிக்குஞ் சொல்லுக்குத் தனி ஈறு இல்லையென்று சொல்லிய அவ்விலக்கணகாரர், அவர்களை அஃறிணையிலே தள்ளிவிடவில்லை. உயர்திணையிலேயே வைத்து, உயர்திணை வினைகளையே கொடுத்தார்.

இனி ஒன்ராறியோவின் கதைக்கு வருவோம். 1969 ஆம் ஆண்டிலே ரொறொன்ரோ நகரின் கிளார்க் மனநோய் ஆய்வு நிலையத்தில் இத்தகையோருக்கென ஒரு சிகிச்சைக்கூடம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் அது பெரிய முயற்சியே. ஆயினும் அதன் தன்மையைக் கவனிக்க வேண்டும். அது மனநோய் நிலையம். அங்கே போனவர் முதலில் தம்மைப் பரீட்சைக்கு உட்படுத்த வேண்டும். அவர் சொல்வது உண்மைதானா, அவர் விரும்பும் வாழ்க்கையை வாழ வல்லவரா என்று நிபுணர் குழு நெடுங்காலம் ஆராயும். குழு ஒப்பினால் அரச காப்புறுதி சத்திரசிகிச்சைச் செலவை ஏற்கும், ஒப்பாவிடின் வழியில்லை. 1998 இல் மாகாண அரசு அந்தச் செலவையும் நிறுத்திவிட்டது. பத்து ஆண்டுகளின் பின், 2008 இல், மீண்டும் கொடுக்க முன்வந்தது. ஆனால் வாயில் பழைய வாயிலே: கிளார்க் நிலையத்தின் வழிவந்த ரொறொன்ரோ மனநல நிலையம் ஒன்றே சிபாரிசு செய்யலாம் என்பது விதி. கோடியைத் தாண்டிய சனத்தொகைக்கு ஒரு கதவு என்றால் அதன் முன் வரிசை எவ்வாறு வளரும் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை. வடக்கிலுள்ள நோயாளருக்கு அரசு பயணக் கொடுப்பனவு வழங்குவது உண்மையே. ஆனால் பயணச் செலவு மட்டுமா? வேலையில் விடுமுறை கேட்க வேண்டும். எதற்கு என்று முதலாளி கேட்பார். சிற்றூரிலே அந்தக் கேள்விக்கு விடை சொல்வது 1,400 கிலோமீற்றரைக் கடப்பதிலுங் கடினம்.

அப்படியாயின் ஊரிலுள்ள குடும்ப வைத்தியர் என்ன செய்தார்? ஓமோன் மருந்து எழுதிக்கொடுக்கச் சட்டம் அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது வேறொன்று. வைத்தியக் கல்லூரியிலே இதுபற்றி அவர் கற்றதில்லை. கற்காததைத் தொட அஞ்சினார். ‘இது நிபுணர் வேலை’ என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் ஒன்ராறியோவில் ‘டிரான்ஸ் பல்ஸ்’ என்னும் ஆய்வு நடந்தது. திருநர் 433 பேர் அதிலே பங்குபற்றினர். குடும்ப வைத்தியர் உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் நிலையைப் பற்றி அவரோடு பேசவே கூசினர் என்று அவ்வாய்வு கண்டது. நூற்றுக்கு 21 பேர், தாம் திருநர் என்பதால் என்ன நேருமோ என்றெண்ணி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாமலே விட்ட அனுபவம் உடையவர்கள். நெஞ்சுவலியும் எலும்பு முறிவும் ஆண் பெண் பார்த்து வருவன அல்ல. திருநருக்கான வைத்தியம் என்றால் சத்திரசிகிச்சை என்று மட்டும் நினைப்போர் இவ்விடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கே தவறிப்போனது சாதாரண வைத்தியம்.

சத்திரசிகிச்சை வேண்டாதவர் பலர். பெரும்பாலோர் நாடுவது ஓமோன் சிகிச்சையை. அது என்ன அருஞ்செயலா என்று பார்ப்போம். பெண்மை விரும்புவோருக்கு ஈஸ்திரஜனும், உடலிலுள்ள ஆண் ஓமோனின் வேகத்தைத் தணிக்கப் பெரும்பாலும் ஸ்பைரோனோலக்டோன் என்னும் மருந்தும் கொடுப்பர். ஈஸ்திரஜன், மாதவிடாய் ஓய்ந்த பெண்களின் தொல்லைகளுக்குக் குடும்ப வைத்தியர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருவது. ஸ்பைரோனோலக்டோன் இருதய நோயாளரும் இரத்த அழுத்தமுடையோரும் விழுங்கும் குளிசை. ஆண்மை விரும்புவோருக்குத் தெஸ்தோஸ்தெரோன் ஊசி அல்லது களிம்பு; அதுவும் அந்த ஓமோன் குறைந்த ஆண்களுக்கு வழக்கமாகக் கொடுப்பதே. மருந்துகள் மூன்றும் ஊர் வைத்தியருக்குப் பழக்கமானவை. பழக்கமில்லாதவர் எதிரே இருந்த மனிதர் மாத்திரமே.

அதற்காக இவற்றை மிட்டாய் போலக் கொடுக்கலாம் என்பதன்று. ஈஸ்திரஜனால் குருதி நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். புகைப்பவருக்கு இன்னுங் கூடும். குளிசையாக விழுங்குவதிலும் தோலில் ஒட்டும் பட்டியாகப் பயன்படுத்துவதில் அவ்வபாயம் குறைவு. ஸ்பைரோனோலக்டோன் இரத்தத்திலே பொற்றாசியத்தை உயர்த்தக்கூடும். தெஸ்தோஸ்தெரோன் செங்குருதிக் கலங்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிக்கச் செய்யக்கூடும். ஆகையால் தொடங்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை, பின்னர் முதலாண்டில் சில மாதங்களுக்கொருமுறை, அதன்பின் ஆண்டுக்கொருமுறையோ இருமுறையோ. நீரிழிவு நோயாளரை ஒழுங்காக அழைத்துப் பார்க்கும் எந்த நிலையத்துக்கும் இது புதிய வேலையன்று. ஆண்டுக்குப் பலமுறை செய்யவேண்டியது என்பதே, அது வீட்டுக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்பதற்குக் காரணம். வாழ்நாளில் ஒருமுறை செய்யும் சத்திரசிகிச்சைக்குத் தூரம் போகலாம். மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தம் கொடுக்கத் தூரம் போவதென்பது நடவாத காரியம். போகாதவர் என்ன செய்வார்? மருந்தைத் தாமே எங்கிருந்தாவது வாங்கி, அளவு தெரியாமல், பரிசோதனையும் இல்லாமல் விழுங்குவார்.

பேசித் தெளிய வேண்டிய விடயங்களும் உண்டு. தெஸ்தோஸ்தெரோன் தொடங்கிச் சில மாதங்களிற் குரல் தடிக்கும். மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் மீளாது. ஈஸ்திரஜனால் மார்பு வளரத் தொடங்கும். அதுவும் தானாக மறையாது. ஆனால் முன்பே உடைந்த குரலை ஈஸ்திரஜன் மாற்றாது. அதற்குப் பேச்சுப் பயிற்சியே வழி. பிள்ளைப்பேற்றுக்கான வல்லமை குறையலாம், சிலரிலே திரும்பாமலும் போகலாம். எனவே வித்துக்களையோ முட்டைகளையோ சேமிப்பது பற்றி முன்கூட்டியே பேசவேண்டும். மறுபுறம், தெஸ்தோஸ்தெரோனால் மாதவிடாய் நின்றுவிட்டது என்பதால் கருத்தங்காது என்று நம்புவதும் பிழை. இவையெல்லாம் அவசரத்தில் ஐந்து நிமிடத்திற் சொல்லி முடிக்கக்கூடியவையல்ல. ஒருவரை ஆண்டுக்கணக்காக அறிந்த வைத்தியர் இரண்டு மூன்று சந்திப்புகளிலே ஆறுதலாகச் சொல்ல வேண்டியவை.

இவ்விடத்தில் வைத்தியருக்குச் சம்பளம் எவ்வாறு கிடைக்கின்றது என்ற சாதாரண விடயமும் வந்து சேர்கின்றது. பார்க்கும் ஆளுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வைத்தியருக்கு நேரமே பணம். ஒன்ராறியோவிலே 1970 களிலிருந்து சமூக சுகாதார நிலையங்கள் என்றொரு வகை நிலையங்கள் உள்ளன. அங்கே வைத்தியரும் தாதியும் சமூக சேவையாளரும் மாதச் சம்பளத்திற்கு ஒரே கூரையின் கீழ் வேலை செய்வர். திருநர் பராமரிப்பு முதன்முதல் வேரூன்றிய இடங்களில் இந்நிலையங்கள் முக்கியமானவை என்பதில் வியப்பில்லை. நேரம் இருந்த இடத்திலே காதும் இருந்தது.

ரொறொன்ரோவின் ஷேர்போர்ன் சுகாதார நிலையம் இதிலே முன்னோடி. அங்குள்ளவர்கள் தமக்குக் கிடைத்த அனுபவத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், எந்த மருந்தை எந்த அளவிலே தொடங்குவது, எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது, எதைக் கண்டால் நிறுத்துவது என்பவற்றைக் குடும்ப வைத்தியர் மேசையில் வைத்துப் பார்க்கத்தக்க ஒரு கைந்நூலாக எழுதி வெளியிட்டனர். பலமுறை திருத்திப் பதிப்பிக்கப்பட்ட அதன் நான்காம் பதிப்பு 2019 இல் வந்தது. அந்நிலையத்தின் கிளையாக 2008 இல் ‘ரெயின்போ ஹெல்த் ஒன்ராறியோ’ தோன்றி, மாகாணமெங்கும் வைத்தியருக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. பின்னர் ‘எக்கோ’ என்னும் முறையும் வந்தது. இம்முறையை 2003 இல் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் சஞ்சீவ் அரோரா என்னும் வைத்தியர் ஈரல் அழற்சி நோயாளருக்காகத் தொடங்கினார். குறித்த நேரத்தில் காணொளி மூலம் பல ஊர் வைத்தியர்கள் ஒன்றுகூடுவர். ஒருவர் தம் நோயாளரின் நிலையைப் பெயர் சொல்லாமல் எடுத்துரைப்பார். நிபுணரும் மற்றவரும் சேர்ந்து ஆராய்வர். நோயாளர் தூரப் பயணம் செய்யாமல் அறிவைப் பயணஞ் செய்விக்கும் இந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. கற்ற வைத்தியர் அடுத்த நோயாளரைத் தனியே பார்ப்பார். அவரிடமிருந்து அயலூரார் கற்பர்.

விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. 2016 மார்ச் 1 ஆம் திகதி முதல், தகுதியும் பயிற்சியும் பெற்ற வைத்தியரும் தாதியரும் மாகாணத்தின் எப்பகுதியிலிருந்தும் சத்திரசிகிச்சைக்குச் சிபாரிசு செய்யலாம் என்று அரசு அறிவித்தது. 1969 இலிருந்து நின்ற ஒற்றைக் கதவு அன்றோடு பல கதவுகளாயிற்று. 2017 இலே இன்னொரு மாற்றம். வைத்தியர் நிலைத்து நில்லாத வடபுல ஊர்களிலே, மேற்படிப்புப் பெற்று மருந்தெழுதும் உரிமையுள்ள உயர்தரத் தாதியரே பெரும்பாலும் எல்லாம். ஆனால் தெஸ்தோஸ்தெரோன் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துப் பட்டியலில் இருந்தமையால் அவர்கள் அதனை எழுத முடியாதிருந்தது. ஈஸ்திரஜன் எழுதலாம், தெஸ்தோஸ்தெரோன் எழுதலாகாது! திருநங்கைக்கு ஊரிலே மருந்து, திருநம்பிக்கு வைத்தியர் வரும் நாள்வரை காத்திருப்பு. அவ்வாண்டு அத்தடையும் நீங்கியது. பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு மொன்றியலிலுள்ள தனியார் நிலையத்துக்குப் போகவேண்டியிருந்த நிலையும் 2019 இல் ஓரளவு மாறி, ரொறொன்ரோவின் விமென்ஸ் காலேஜ் வைத்தியசாலை அவற்றைத் தொடங்கியது.

மருந்தும் விதியும் மட்டும் போதுமோ? காத்திருக்கும் மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். இருபது பேர் அமர்ந்திருக்கின்றனர். சேலையுடுத்திய ஒருவர் மூலையில் இருக்கின்றார். தாதி ஏட்டைப் பார்த்து ‘கணேசன்’ என்று உரக்க அழைக்கின்றார். எழுந்து வருவதா, எழாமலே வீட்டுக்குப் போய்விடுவதா? இருபது பேரின் கண்களுக்கு முன்னே அந்த நான்கு அடி நடப்பதைவிட நோயைப் பொறுத்துக்கொள்வது எளிதென்று பலர் முடிவு செய்கின்றனர். இதற்கு மருந்து ஒரு சதமும் செலவில்லாதது: சட்டப்படியுள்ள பெயர் ஏட்டில் இருக்கட்டும், அழைக்கும் பெயர் என்று பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கட்டும், அல்லது இலக்கத்தைச் சொல்லி அழைக்கட்டும். ஒன்ராறியோவில் 2016 முதல் புதிய சுகாதார அட்டைகளின் மேல் ஆண், பெண் என்று அச்சிடுவதை நிறுத்திவிட்டனர்.

ஏட்டிலுள்ள எழுத்து உயிரோடும் விளையாடும். திருநம்பி ஒருவருக்குக் கருப்பை நீக்கப்படாதிருந்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை அவருக்கும் வேண்டும். ஏட்டிலே ‘ஆண்’ என்றிருந்தால் அழைப்புக் கடிதமே போகாது. அவ்வாறே திருநங்கைக்கு, சத்திரசிகிச்சை செய்த பின்னும், புரொஸ்டேற் சுரப்பி உடலில் இருக்கும். ஈமோகுளோபின் அளவு சரியா பிழையா என்று பார்க்கவும் ஆணுக்கொரு எல்லை, பெண்ணுக்கொரு எல்லை உண்டு. ஓமோன் எடுப்பவருக்கு எந்த எல்லையைக் கொள்வது என்பதை ஆய்வுகூடம் அறியாது, அவரை அறிந்த வைத்தியரே அறிவார். உள்ள உறுப்புக்கு உரிய பரிசோதனை என்பதே விதி. நிபுணரின் மனநோய்க்கூடத்திலே இவற்றையெல்லாம் கவனிப்பவர் யார்?

ஒன்ராறியோ இப்போது சொர்க்கமாகிவிட்டது என்று எவரும் கருதவேண்டா. குடும்ப வைத்தியரே கிடைக்காமல் இருப்போர் அம்மாகாணத்திலே 20 இலட்சத்துக்கும் மேல். அவர்களுக்கு ‘குடும்ப வைத்தியரிடம் போங்கள்’ என்னும் புத்திமதியாற் பயனில்லை. சத்திரசிகிச்சைக்கான காத்திருப்பு இன்னும் நீண்டது. கற்க மறுக்கும் வைத்தியர்களும் உள்ளனர். பருவமெய்தும் வயதிலுள்ள சிறுவர்களின் சிகிச்சையோ வேறோர் அத்தியாயம். அதிலே வைத்திய உலகம் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2024 இல் பருவ வளர்ச்சியை நிறுத்தி வைக்கும் மருந்துகளை வழமையாகக் கொடுப்பதைக் கைவிட்டது. இக்கட்டுரையிலே நாம் சொல்வன வளர்ந்தோரைப் பற்றியவை.

ஆயினும் இளையோரைப் பற்றி அன்னையரும் தந்தையரும் அறியவேண்டிய ஒரு செய்தி மேற்சொன்ன ஒன்ராறியோ ஆய்விலே இருக்கின்றது. அதிற் பங்குபற்றியவர்களுள் 16 முதல் 24 வயதுவரையுள்ள 84 பேரின் விடைகளைத் தனியே எடுத்து 2012 இல் வெளியிட்டனர். பெற்றோரின் முழு ஆதரவு பெற்றவர்களுள் அதற்கு முந்திய ஓராண்டிலே தம்முயிரை மாய்க்க முயன்றோர் நூற்றுக்கு 4 பேர். அத்தகைய ஆதரவில்லாதவர்களுள் நூற்றுக்கு 57 பேர். எண்பத்து நான்கு பேர் என்பது சிறிய தொகை. அதைக் கொண்டு அணுப்பிசகாத கணக்குப் போடலாகாது. ஆனால் நாலுக்கும் ஐம்பத்தேழுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைத் தொகை சிறிது என்று சொல்லி மூடிவிடவும் இயலாது. ஊரென்ன சொல்லும் என்று அஞ்சும் பெற்றோருக்கு, பிள்ளையின் முன்னிலையிலே ஆதரவாகப் பேசும் குடும்ப வைத்தியர் ஒருவர் எவ்வளவு துணையாவார்! நிபுணர் பிள்ளையை மட்டும் பார்க்கின்றார். குடும்ப வைத்தியரோ தந்தையின் இரத்த அழுத்தத்தையும் தாயின் முழங்கால் வலியையும் சேர்த்துப் பார்க்கின்றவர். அவர் சொன்னால் வீட்டிலே எடுபடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு ஏட்டின் பதினோராம் திருத்தம் 2019 இல் ஏற்கப்பட்டு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அதிலே இந்நிலை மனநோய்களின் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுப் பாலியல் ஆரோக்கியம் பற்றிய பகுதியிலே வைக்கப்பட்டது. மனநோய் அன்று என்றான பின், மனநோய் நிலையம் ஒன்றே வாயில் என்பதற்கு நியாயம் ஏது?

நம் நாட்டிலே 2016 இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உளநல விசேட வைத்தியர் ஒப்பமிட்டுப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வழங்கலாம். அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழிலே திருத்தம் செய்யலாம் என்பது அதனால் வந்த பயன். இது சிறிய காரியமன்று. ஆனால் கையொப்பம் விசேட வைத்தியரிடம். விசேட வைத்தியர் பெரிய வைத்தியசாலையில். நமது தூரங்கள் 1,400 கிலோமீற்றர் அல்லவெனினும், அதிகாலை பஸ்ஸிலே ஏறும்போது ‘எங்கே பயணம்?’ என்று கேட்கும் அயலார் இங்கும் உளர்.

1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய நாள்முதல், வைத்தியத்தை மக்களின் வாசலுக்குக் கொண்டுபோவதிலே இலங்கை பெயர்பெற்ற நாடு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும், வீடு வீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும், பிரதேச வைத்தியசாலைகளும் ஏற்கெனவே உள்ளன. புதிய கட்டடம் எழுப்பவேண்டுவதில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள் ஒதுக்குவது போல, மாதத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் தொடக்கத்துக்குப் போதும். அன்றைக்கு வரிசை நீளாது; வெளியிலே பெயர்ப்பலகையும் வேண்டியதில்லை. இரத்தம் வழக்கமான ஆய்வுகூடத்துக்கே போகும். ஐயம் வந்தால் மாவட்ட வைத்தியசாலையிலுள்ள விசேட வைத்தியரைத் தொலைபேசியிலே கேட்கலாம். வருபவரை அழைப்பதற்கு ஏட்டிலே ஒரு கட்டம் கூடுதலாகக் கீறிக்கொண்டால் முதற் பிற்பகலை நடத்திவிடலாம்.